சான் ஹோசே சிலையைப் பார்க்கப் போகிறோம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை நம் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் நிலைக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு கிடையாது. அன்று அவர்களைச் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழக வளாகத்துக்கு அழைத்துப் போகிறோம். அங்கே நிற்கும் அமெரிக்கக் கறுப்பின ஓட்டப்பந்தய வீரர்கள் டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் சிலைகளை அவர்கள் பார்க்க வேண்டும்.

இருவரும் அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள். 1968 அக்டோபர் 16 அன்று மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தை ஸ்மித் 19.83 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். கார்லோஸுக்கு வெண்கலம். தேசிய கீதம் ஒலித்தபோது இருவரும் தலைகுனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தினார்கள். காலில் ஷூ இல்லை, கறுப்பு சாக்ஸ் மட்டும். கறுப்பின மக்களின் வறுமையை உலகம் பார்க்கட்டும் என்று அப்படி நின்றார்கள். உடனே அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஊர் திரும்பியதும் கொலை மிரட்டல்கள் வந்தன. பிழைப்புக்கே திண்டாடினார்கள். பல்கலைக்கழகத்தில் சிலை எழுந்தது 2005-இல்தான். அதை வலியுறுத்தி முன்னெடுத்தவர்களும் மாணவர்களே.

சிலையில் இரண்டாம் இடம் காலியாக இருக்கும். அது ஆஸ்திரேலிய வீரர் பீட்டர் நார்மனின் இடம். வெள்ளையரான அவரும் அன்று அவர்களுடைய மனித உரிமை பேட்ஜை நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றார். கார்லோஸ் தம் கையுறைகளைக் கொண்டுவர மறந்திருந்தார். இருக்கும் ஒரு ஜோடியை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்ளச் சொன்னவர் நார்மன்தான். தம் சிலை வேண்டாம், பார்க்க வருகிறவர்கள் அந்த இடத்தில் நிற்கட்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். 2006-இல் அவர் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தார்கள். நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அந்த இடத்தில் ஏறி நிற்கப் போகிறார்கள். போட்டோ எடுப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் பள்ளிக்கு இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த 1965-இல்தான், பிறந்த நாட்டைப் பார்த்து ஒதுக்கீடு வைத்த அமெரிக்காவின் பழைய குடியேற்றச் சட்டம் மாறியது. நம் குடும்பங்கள் இங்கே வந்து வேரூன்றியது அதன் பிறகு திறந்த வழியில். இதை வீட்டில் பிள்ளைகளிடம் இப்போதே பேசுங்கள். ‘அது வேறு யாருடைய கதையோ’ என்று நினைத்துக்கொண்டு அவர்கள் அங்கே வரக் கூடாது.

பார்த்துவிட்டு வந்து ஒவ்வொருவரும் தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டும். பிழை இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஒப்புதல் படிவத்தை வரும் வாரமே வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். காரில் மற்ற பிள்ளைகளையும் ஏற்றிவரக் கூடியவர்கள் படிவத்தின் கீழே குறிப்பிடவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்