பழகக் கற்றுத்தர பத்து நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறை நெருங்கினால், ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, மிகைத் துறுதுறுப்பு) உள்ள பிள்ளைகளுக்கு ‘பழகும் திறன் பயிற்சி’ என்று விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். பத்து நாள், ஒரே ஹாலில் இருபது பிள்ளைகள், கடைசியில் சான்றிதழ். பணம் கட்டுமுன் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலில் எண்ணிக்கை. நான்கு முதல் ஆறு பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள். அதற்கு மேல் போனால் அது டியூஷன். வயதும் பேச்சுத்திறனும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் உளவியலாளர் எலிசபெத் லாகசன் குழுவினர் பதின்வயதினருக்காக உருவாக்கிய ‘பியர்ஸ்’ பயிற்சி வாரம் ஒரு முறை, 90 நிமிடம், பதினான்கு வாரத்துக்குக் குறையாமல் நடக்கிறது. பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும்போதே பெற்றோருக்குத் தனி அறையில் வகுப்பு. நம் ஊரில் முதலில் வெட்டுப்படுவது இதுதான். வாசலில் இறக்கிவிட்டுப் போகும் பெற்றோருக்கு உள்ளே என்ன நடந்தது என்றே தெரியாது. வாரம் முழுக்க வீட்டில் யார் பழக்குவது?

அடுத்து, எதைச் சொல்லித்தருகிறார்கள் என்று பாருங்கள். கிரிக்கெட் ஆடுகிறவர்களிடம் நேரே போய் ‘நானும் வரலாமா?’ என்று கேள் என்பார்கள். ‘ஆள் ஃபுல்’ என்று பதில் வரும். எளிதாகச் சேர்ந்துகொள்ளும் பிள்ளை அப்படிச் செய்வதில்லை. சற்றுத் தள்ளி நின்று இரண்டு ஓவர் பார்க்கும். வெளியே வந்த பந்தை எடுத்துப் போடும். ‘செம ஷாட்’ என்று ஒரு வார்த்தை. ஓவர் முடிந்த இடைவெளியில், ‘இந்த சைடுல ஒரு ஆள் கம்மியா இருக்கே, நான் வரவா?’ இந்தப் படிகளைத்தான் பிரித்துப் பழக்க வேண்டும். அப்போதும் மறுப்பு வரலாம். சண்டை போடாமல் விலகி வருவதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். மொழியும் முக்கியம். ‘மே ஐ ஜாயின் யூ?’ என்று மனப்பாடம் செய்த பையன் தெருவில் கேலிப்பொருளாகிறான்.

கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி முகத்தைப் பிடித்துத் திருப்பும் வகுப்பாக இருந்தால் சேர்க்காதீர்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கு அது பெரும் அவஸ்தை. கண்ணைப் பார்க்கும் முயற்சியிலேயே சொன்னது காதில் விழாமல் போகும். பேசுகிறவர் பக்கம் உடலைத் திருப்பினாலே போதும். (பெரியவர்களை நேருக்கு நேர் பார்த்தால் ‘முறைக்கிறியா?’ என்று கேட்கும் ஊர்தானே இது!)

சின்னப் பிள்ளைகளுக்கு அறிவுரையைவிட நடுவில் ஒரு வேலை இருப்பது நல்லது. லெகோ (பொருத்திக் கட்டும் பொம்மைக் கட்டைகள்) முறையில் மூன்று பேர்: ஒருவரிடம் படம், ஒருவரிடம் கட்டைகள், ஒருவர் கட்டுபவர். படம் வைத்திருப்பவர் கட்டையைத் தொடக் கூடாது. ‘சிவப்பு’ என்றால் ‘நீளமா, குட்டையா?’ என்று கேள்வி வரும். பேச்சு தானாக நடக்கும். இருபது கட்டைக்குள் முடிகிற பொம்மையில் தொடங்கி, ஒவ்வொரு பொம்மைக்கும் வேலையை மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பிள்ளை எப்போதும் கட்டிக்கொண்டே இருக்கும். இதைக் கெடுப்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான். பிள்ளை தடுமாறிய மூன்றாவது நொடியில் கட்டையை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பத்து வரை மனதுக்குள் எண்ணிவிட்டு, ‘யாரிடம் கேட்கலாம்?’ என்று மட்டும் சொன்னால் போதும்.

சத்தம் தாங்காத பிள்ளை ஒதுங்க அறையில் ஒரு மூலை வேண்டும். அங்கே போவது தண்டனையாக ஆகிவிடக் கூடாது.

ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே புரியாமை இருபக்கமும் உண்டு என்று பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இலேயே எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். ஆகவே குழுவில் அதே பள்ளியில் படிக்கும், இவை இல்லாத பிள்ளைகள் இரண்டு பேரும் இருக்கட்டும்.

பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை ஓர் அறையைத் திறந்துவிட்டால் இக்குழுக்களை அங்கேயே நடத்தலாம். சேர்க்க மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்க வேண்டாம்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் ஆட்டிசம் உண்டு, ஏடிஎச்டி தனியாக இல்லை.

- சிறப்பாசிரியர்கள் இருவர், மதுரை