வயிறு தெரிவதற்கு முன்பே கேளுங்கள்

எங்கள் ஊர்ச் சுகாதாரக் கிளினிக்கின் ஆலோசனைக் குழுவினருக்கும் தாய் சேய் பிரிவு மிஸ்ஸிமார்களுக்கும் (தாதியருக்கும்),

வணக்கம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள் உள்ள நம் ஊரில் எச்.ஐ.வி. மருந்து எடுக்கும் பெண்களிடம் பிள்ளையைப் பற்றிய பேச்சு, வயிறு தெரிந்த பிறகுதான் வருகிறது. அதுவும் “ஏம்மா, இந்த நெலமையில இது தேவையா?” என்றுதான் வருகிறது.

உடம்பு இளைத்து, இருமலோடு படுத்திருப்பவளுக்குப் பிள்ளை நினைப்பு வராது. மருந்து தொடங்கிச் சில மாதங்களில் எடை ஏறும், பசி எடுக்கும், விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, போகத் தெம்பு வரும். அப்போது அந்த ஆசையும் திரும்பும். அது திமிர் இல்லை, மருந்து வேலை செய்கிறது. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஆய்வுகளும் இதைப் பதிவு செய்திருக்கின்றன.

மலேசியா 1998 முதல் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறது. 2018-இல் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல். அந்தக் கணக்கில் பிறந்த குழந்தைகள் இருக்கிறார்கள். ஆசைப்பட்டும் கேட்கப் பயந்து வாயை மூடிக்கொண்ட பெண்கள் இல்லை.

ஆகவே ஒவ்வொரு முறை மருந்து கொடுக்கும்போதும் கேளுங்கள்: “அடுத்த ஒரு வருஷத்துல பிள்ளை வேணும்னு நெனைக்கிறீங்களா?” பதிலைப் பொறுத்துச் செய்ய வேண்டியது மாறும்.

வேண்டாம் என்றால், கையில் கருத்தடை இம்பிளாண்ட் (தோலுக்கடியில் வைக்கும் குச்சி) வைக்கும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களுக்கு இம்பிளாண்டின் ஹார்மோன் அளவு குறைந்துவிடும். எதிர்பாராமல் கரு தங்கலாம். மூன்று மாத ஊசிக்கு இந்தத் தொல்லை இல்லை. கருப்பைக்குள் வைக்கும் லூப்புக்கும் இல்லை.

வேண்டும் என்றால், வைரஸ் அளவு அடங்கி 6 மாதம் நிலைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 200-க்குக் கீழே நிலைத்திருந்தால் உடலுறவால் கணவருக்குத் தொற்றாது. கருவுறும் முன்பே மருந்தில் இருந்து, பிரசவத்தின்போது 50-க்குக் கீழே இருந்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. மருந்தே இல்லாவிட்டால் அது 15 முதல் 45 விழுக்காடு. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், குறைந்தது ஒரு மாதம் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து பற்றிய பழைய பயம் இன்னும் சுற்றுகிறது. கருவின் மூளை, முதுகுத்தண்டில் குறை வரலாம் என்று 2018-இல் போட்ஸ்வானாவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது உண்மை. கூடுதல் பிரசவங்களின் விவரம் சேர்ந்தபோது அந்தச் சந்தேகம் நிற்கவில்லை. பிள்ளை ஆசையைச் சொன்னதற்காக அந்த மருந்தை மாற்ற வேண்டியதில்லை.

உண்மையில் தவறு நடப்பது வேறிடத்தில். கர்ப்பிணிக்கு நீங்களே கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேர்த்து விழுங்கினால், அவை அதைப் பிடித்துக்கொள்ளும். மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சோற்றோடு சேர்த்து எடுக்கலாம். இல்லையென்றால் டோலுடெக்ராவிரை அந்த மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அமில முறிவு மருந்துக்குச் சோற்றுச் சலுகை கிடையாது, இடைவெளி கட்டாயம். இதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். விடியுமுன் வேலைக்கு ஓடுபவள் எல்லா மாத்திரையையும் ஒரே மடக்கில்தான் விழுங்குவாள்.

34 வாரத்துக்கு மேல் எடுக்கும் வைரஸ் அளவுதான் பிரசவ முறையை முடிவு செய்யும். ரத்தம் வெளியூருக்குப் போய் முடிவு திரும்ப நாளாகும் என்பதை நினைவில் வையுங்கள். குழந்தைக்குத் தடுப்பு மருந்து, பிறந்த சில மணி நேரத்துக்குள். தாயின் எதிர்ப்பொருள் 18 மாதம் வரை குழந்தையின் ரத்தத்தில் இருக்கலாம். அதற்கு முன் சாதாரணப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தாலே தொற்று என்று சொல்லிவிடாதீர்கள், வைரஸையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை எடுங்கள்.

பால் விஷயம் தனி. தாய்ப்பால் வழியாகவும் தொற்றலாம் என்பதால் இங்கே பால்மாவுதான் பரிந்துரை. ஆனால் “தாய்ப்பால் ஏன் கொடுக்கல?” என்று மாமியார் கேட்கும்போது சொல்ல ஒரு பதில் வேண்டும். “நான் எடுக்குற மருந்துக்கு டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாரு” போதும். பிரசவத்துக்கு முன்பே சொல்லிப் பழக்குங்கள். இல்லையென்றால் ஊர் வாய்க்குப் பயந்து பகலில் பால்மாவும் இரவில் தாய்ப்பாலுமாகக் கொடுப்பாள்.

கடைசியாக, அவர்களுடைய கோப்பில் தனி நிற ஒட்டு வேண்டாம். காத்திருப்பவர்களில் பாதிப் பேர் அதே லயத்து (தோட்டக் குடியிருப்பு) வீடுகளைச் சேர்ந்தவர்கள், அவர்கள் ஒட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
தோட்டப்புறப் பெண்களுக்குத் துணை நிற்கும் சிலர்