மின்சாரம், வெப்பம், தண்ணீர் எல்லாம் சேர்த்து வாடகைக்கு விட்டுவிட்டு பில்லைப் பார்த்துத் துடிக்கும் ஸ்காபுறோ வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய வீட்டுக்காரர்களுக்கு,

மேல்தளத்தில் குடும்பத்தோடு வசித்துக்கொண்டு, வீட்டுக்கடனின் ஒரு பங்கையாவது ஈடுகட்டலாம் என்ற எண்ணத்தில் பேஸ்மென்றை, அதாவது நிலக்கீழ்த் தளத்தை, வாடகைக்கு விட்டிருக்கும் உங்களில் ஒருவனாகவே இதை எழுதுகிறேன். கனடாவுக்கு வந்த முதல் ஆறு வருடங்கள் நானும் அப்படியொரு பேஸ்மென்றில்தான் இருந்தேன். ஆகவே மேலிருந்து கீழே பார்த்துப் பேசுவதும், கீழிருந்து கூரையைப் பார்த்தபடி மேலே நடப்பவரின் காலடியைக் கேட்பதும் எனக்குப் பழக்கமானவை.

தை, மாசி மாத ஹைட்ரோ பில்கள், அதாவது மின்சார பில்கள், வந்து சேர்ந்ததும் கோயில் மண்டபத்திலும் கலியாண வீட்டிலும் நம்மவர் வாயில் வரும் பேச்சு ஒன்றேதான்: "கீழே இருக்கிறவை கரண்டைத் தண்ணி மாதிரிச் செலவழிக்கினம்." அடுத்த கட்டமாகச் சிலர் அடுத்த மாதத்திலிருந்து கூடுதலாக நூறு டொலர் கேட்கிறார்கள், சிலர் வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாற்றுக்குப் பிளாஸ்ரிக் பெட்டி போட்டுப் பூட்டுகிறார்கள், இன்னும் சிலர் இரவு பத்து மணிக்குமேல் சூட்டைக் குறைத்துவிட்டுப் படுக்கிறார்கள். இவற்றில் முதலாவதை நானும் செய்தவன்.

மூன்று குளிர்காலங்களுக்கு முன்னர் எங்கள் கீழ்வீட்டில் ஓர் இளம் தம்பதியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். வாடகையில் மின்சாரம், வெப்பம், தண்ணீர் எல்லாம் அடக்கம் என்று ஒப்பந்தத்தில் நானே கையெழுத்திட்டிருந்தேன். ஆனாலும் அந்தத் தை மாத பில் முந்திய வருடத்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக வந்தபோது, ஒரு துண்டுக் கடிதத்தில் மாதம் 90 டொலர் கூடுதலாகத் தரும்படி எழுதிக் கதவின் கீழால் தள்ளிவிட்டேன். அவர்கள் மறுபேச்சில்லாமல் இரண்டு மாதம் தந்தார்கள். பங்குனியில் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டதால் கீழே போனேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மின்சார ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வயர் செருகியிருந்த சுவர்ப் பிளக்கின் வெள்ளை மூடி ஒரு மூலையில் மண்ணிறமாக மாறியிருந்தது. குழந்தையின் அலமாரிமேல் இருந்த வெப்பமானி 17 பாகை காட்டியது. மேலே எங்கள் வரவேற்பறையில் அதே நேரம் 22.

காரணம் வீட்டிலேயே இருந்தது. எங்கள் வீட்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஒன்று, தெர்மோஸ்டாற் ஒன்று. அந்தத் தெர்மோஸ்டாற் எங்கள் சமையலறைக்கு வெளியே சுவரில் இருக்கிறது. மாலையில் மேலே அடுப்பு எரியத் தொடங்கினால், வீடு முழுவதும் சூடாகிவிட்டது என்று அது நம்பி ஃபர்னஸை நிறுத்திவிடும். கீழ்வீட்டுக்கோ சூடான காற்று கூரையிலுள்ள வென்ற் வழியாகத்தான் வருகிறது. மேலே வந்த சூடு மேலேயே நிற்க, நிலம் குளிர்ந்தே கிடக்கும். போதாததற்கு, பேஸ்மென்றை நான் முடித்துக் கட்டிய காலத்தில் ஒரு வென்ற் பலகைச் சுவருக்குப் பின்னால் மறைந்துபோனதை மறந்தே போயிருந்தேன். 1500 வாற் ஹீற்றர் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை கிலோவாற் மணி இழுக்கும். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 450 கிலோவாற் மணி. காஸில் ஓடும் ஃபர்னஸ் தரவேண்டிய சூட்டை, அதைவிட விலை கூடிய மின்சாரத்தால் அந்தப் பிள்ளைக்காக அவர்கள் உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கான தண்டத்தை நான் அவர்களிடமே வாங்கிக்கொண்டிருந்தேன்.

சட்டம் இதில் மயக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் வெப்பத்தையும் மின்சாரத்தையும் தண்ணீரையும் அத்தியாவசிய சேவைகளாகவே கருதுகிறது. வெப்பத்தை வழங்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையதாக இருந்தால், செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைந்தது 20 பாகை இருக்கவேண்டும். வாடகை பாக்கியிருந்தாலும்கூட இவற்றை நிறுத்தவோ வேண்டுமென்றே குறைக்கவோ கூடாது. 2018 ஏப்ரல் 30 முதல் நடைமுறையிலுள்ள பொது ஒப்பந்தப் படிவத்தில் மின்சாரம், வெப்பம், தண்ணீர் ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று அடையாளமிட இடம் உண்டு. அங்கே உங்கள் பக்கம் அடையாளமிட்டால் பில் உங்களுடையது. பில் கூடியதைக் காட்டி, அரசு அறிவிக்கும் வருடாந்த வீதத்துக்கு மேலாக வாடகையை உயர்த்த முன்னர் இருந்த வழியும் 2018இலிருந்து மூடப்பட்டுவிட்டது. 2018 நவம்பர் 15க்குப் பின்னர் முதன்முதலாகக் குடியிருப்பாகப் பயன்படுத்தப்பட்ட பல பேஸ்மென்றுகளுக்கு அந்த வீத வரம்பு பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் 90 நாள் எழுத்து அறிவித்தலும், 12 மாதத்துக்கு ஒருமுறை மட்டும் என்ற விதியும் அவற்றுக்கும் உண்டு. சமையலறையையோ குளியலறையையோ உங்களோடு பகிர்ந்துகொண்டு ஓர் அறையில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதைச் சாட்டாக வைத்து அவரைக் குளிரில் விடுபவர்களைப்பற்றி எழுத எனக்கு மரியாதையான சொற்கள் கிடைக்கவில்லை.

வாடகையாளர் எல்லாரும் அப்பாவிகள் என்று நான் சொல்லவரவில்லை. ஹீற்றரையும் ஓடவிட்டு யன்னலையும் திறந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேர் என்று சொல்லி வந்து ஐந்து பேராகத் தங்குபவர்களும், வெளிச்சுவர்ப் பிளக்கில் இரவு முழுவதும் மின்சாரக் காரைச் செருகி வைப்பவர்களும் இருக்கிறார்கள். இப்படியான இடத்தில் முதலில் வேண்டியது கணக்கு. ஸ்மார்ட் மீற்றர் உள்ள வீட்டின் இணையக் கணக்கில் எந்த மணியில் எவ்வளவு மின்சாரம் போனது என்பதைப் பார்க்கலாம். நீங்கள் எல்லாரும் வெளியே போயிருந்த ஒரு சனிக்கிழமையைத் தெரிந்தெடுத்துப் பாருங்கள், கீழ்வீட்டின் பங்கு ஓரளவு பிடிபட்டுவிடும். பிறகு அந்தத் தாளோடு கீழே போய் இருந்து பேசலாம். புதிதாக ஏசி பூட்டுவதற்கான கூடுதல் மின்சாரம் போன்றவற்றுக்கு இரு தரப்பும் சம்மதித்து எழுதிக்கொண்டால் வாடகையில் ஒரு தொகை சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அதேபோல, மின்சாரத்தை இனி அவரே பார்த்துக்கொள்வதென்று இருவரும் ஒப்பினால் அதற்கேற்ப வாடகையைக் குறைக்கவேண்டும். இந்த இரண்டாவது பாதியை நம்மவர் பலரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மின்கட்டணத் திட்டத்தையும் ஒருமுறை பாருங்கள், அதைத் தெரிந்தெடுப்பவர் கணக்கு வைத்திருக்கும் நீங்கள்தான். இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவு என்று 2023இல் வந்த திட்டத்துக்கு ஆசைப்பட்டு மாறிய ஒருவரை அறிவேன். அந்தத் திட்டத்தில் வேலை நாட்களில் மாலை 4 முதல் 9 வரை கட்டணம் இரவைப்போல் சுமார் பத்து மடங்கு. கீழ்வீட்டுக்காரர் தொழிற்சாலையிலிருந்து வந்து மின்னடுப்பில் சோறு வைப்பது அந்த நேரத்தில்தானே! தண்ணீர் பில் திடீரென ஏறினால் குளிப்பவரைக் கேட்கமுன் கொமட்டின் தண்ணீர்த் தொட்டியில் உணவு நிறம் சில துளி விடுங்கள். ஃபிளஷ் பண்ணாமலே கால் மணி நேரத்தில் கோப்பையில் நிறம் தெரிந்தால் அடியிலுள்ள ரப்பர் மூடி கசிகிறது. சில டொலருக்கு வாங்கும் அந்த ரப்பர் நாளுக்குப் பல நூறு லீற்றரை ஓடவிடக்கூடியது.

புதிதாக வாடகைக்கு விடப்போகிறவர்கள், எல்லாம் சேர்த்து என்று விளம்பரம் போடுவதற்கு முன்னர் கடந்த 12 மாத பில்களையும் மேசையில் பரப்பிச் சராசரி எடுங்கள். பூட்டிக் கிடந்த பேஸ்மென்றின் ஆனி மாத பில்லை வைத்துக்கொண்டு விலை சொல்லிவிட்டு, தை மாதத்தில் வாடகையாளரைக் கள்ளனாகப் பார்ப்பது முறையில்லை. வாடகையோடு பில்லில் 30 வீதம் என்று பிரிப்பதானால் அதைத் தொடக்க ஒப்பந்தத்திலேயே எழுதி, ஒவ்வொரு மாதமும் பில்லின் பிரதியையும் கொடுங்கள்.

ஏற்கெனவே கூடுதலாக வாங்கியவர்கள், வாடகையாளர் கேட்கமுன் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சட்டத்துக்கு மாறாக வாங்கிய பணத்தை மீட்க வாடகையாளர் ஒரு வருடத்துக்குள் வீட்டுக்காரர் - வாடகையாளர் சபையில் விண்ணப்பிக்கலாம். நான் 180 டொலரை ஓர் உறையில் போட்டுக்கொண்டு, பலகைச் சுவரை வெட்டி வென்ற்றைத் திறந்த அன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தத் தம்பி உறையை எண்ணிப் பார்க்கவில்லை. கையைக் கூரைப்பக்கம் நீட்டிச் சூடு வருகிறதா என்று பார்த்துவிட்டு, "அண்ணை, இதைத் திரும்பப் பூட்டிப்போடாதேங்கோ" என்றார்.

இப்படிக்கு,
ஸ்காபுறோவில் பேஸ்மென்ற் வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு வீட்டுக்காரன்