அரைமணி நேர இடுகையும் மூன்று மாதக் கட்டுரையும்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. உடல்நலம் தேறி மீண்டும் நடைப்பயிற்சியைத் தொடங்கிவிட்டீர்கள் என்ற செய்தி தந்த மகிழ்ச்சியை, பதினொரு ஆண்டுகளாக நடத்திவரும் வலைப்பதிவை இந்த ஆண்டோடு மூடிவிடலாமா என்று யோசிப்பதாக நீங்கள் அடுத்த பத்தியில் எழுதியிருந்த வரி பாதியாகக் குறைத்துவிட்டது. எழுதத் தொடங்கி மூன்றே மாதங்களான ஓர் இளைஞர் ஒரே இடுகையால் பல்லாயிரம் வாசகர்களைப் பெற்றுவிட்டார் என்றும், முந்நூறு இடுகைகளுக்கு மேல் எழுதிய உங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை என்றும் சொல்லி, பதிவரை வெற்றி பெறச் செய்வது உழைப்பா, அதிர்ஷ்டமா என்று கேட்டிருந்தீர்கள். ஆறுதலாக இரண்டு வரி எழுதி முடித்துவிடலாம்தான். ஆனால் நீங்கள் ஆறுதலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை என்று தோன்றியதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என் தளத்தில் இன்றுவரை மிக அதிக வருகை பெற்ற இடுகை எது என்று உங்களிடம் நான் சொன்னதில்லை; சொல்ல வெட்கமாக இருந்தது. பழுதான கணினியின் வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்பது எப்படி என்று, எனக்கே ஒரு நினைவுக்குறிப்பாக இருக்கட்டுமே என்று ஒரு மாலையில் அரைமணி நேரத்தில் எழுதிப்போட்ட இடுகை அது. மொழிபெயர்ப்பில் இழக்கப்படுவது எது என்பதைப் பற்றி மூன்று மாதம் படித்து, ஐந்து முறை திருத்தி எழுதிய கட்டுரையை முதல் ஆண்டில் நாற்பது பேர் படித்திருந்தால் அதிகம். அந்த நாற்பதில் நீங்கள் இரண்டு முறை வந்திருந்தால் முப்பத்தொன்பது. உழைப்பை அளந்து கூலி கொடுக்கும் ஒருவர் எங்கோ உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவருடைய பேரேட்டில் இந்த இரண்டு வரிகளும் இடம் மாறிப் பதிவாகியிருக்கின்றன.

அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்பதை ஊகமாகப் பேசாமல் சோதித்தே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006இல் சயன்ஸ் ஆய்விதழில் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் வைத்து, 14,000க்கும் மேற்பட்டவர்களை அழைத்து, விரும்பியதைக் கேட்டு மதிப்பெண் இட்டுத் தரவிறக்கிக்கொள்ளச் செய்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல்கள் மட்டுமே தெரிந்தன. மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் தரவிறக்கியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எல்லா உலகங்களும் பூஜ்யத்திலிருந்தே தொடங்கின, பாடல்களும் அவையே. ஆனாலும் ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்த பாடல் வேறொன்றில் அடையாளமின்றிக் கிடந்தது. எண்ணிக்கையைப் பார்க்காதவர்களின் கணிப்பில் தரத்தில் 26ஆவதாக வந்த ஒரு பாடல் ஓர் உலகத்தில் முதலாவதாகவும், இன்னோர் உலகத்தில் 40ஆவதாகவும் நின்றது என்பதைப் படித்தபோது, என் வன்தட்டு இடுகையை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

இந்தச் சோதனையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிட்டு, எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம் என்று கையை விரித்துவிடுகிறார்கள். அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது: மிகச் சிறந்த பாடல்கள் அரிதாகவே மோசமாகத் தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே பெரிதாக வென்றன, நடுவில் இருந்தவற்றுக்குத்தான் எதுவும் நடக்கலாம் என்ற நிலை. நானும் நீங்களும், மனம் வைத்து ஒப்புக்கொண்டால், எழுதியவற்றில் பெரும்பகுதி அந்த நடுப்பகுதியைச் சேர்ந்ததுதான். அதனால்தான் அதிர்ஷ்டம் நம் கண்ணுக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

தொடக்கத்தில் கிடைத்த சிறு முன்னிலை எப்படிப் பெருகுகிறது என்பதும் மர்மமன்று. புகழ் உள்ளவருக்கே மேலும் புகழ் சேரும் இந்தப் போக்கை அறிவியலாளர்களிடையே கண்டு, சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இலேயே அதற்கு, பைபிளின் மத்தேயு நற்செய்தியில் வரும் ஒரு வரியை ஒட்டி, மத்தேயு விளைவு என்று பெயரிட்டார். ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள், எப்படிப்பட்ட பக்கங்கள், இணைப்புக் கொடுக்கின்றன என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணிக்கும் முறையை 1998இல் கூகுளின் நிறுவனர்கள் வெளியிட்டபோது, அந்தப் போக்கு தேடுபொறிக்குள்ளும் குடிபுகுந்தது: இணைப்பு உள்ள பக்கம் தேடலில் மேலே வரும், மேலே வருவதை மேலும் பலர் காண்பர், காண்பவர்கள் மேலும் இணைப்புக் கொடுப்பர். பதிவர்கள் சிலராகவே இருந்த காலத்தில் எழுத வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்று எண்ணிப் பாருங்கள். வலைப்பதிவு நடத்த உதவும் பிளாகர் 1999இல் வந்தது, வேர்ட்பிரஸ் 2003இல். அந்த ஆண்டுகளில் தொடங்கியவர் திறமைசாலியாகவும் இருக்கலாம், சரியான நேரத்தில் வாசலில் நின்றவராகவும் இருக்கலாம். காலம் கொடுப்பதைப் போலவே பிடுங்கவும் செய்கிறது: பல தளங்களின் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது, அதன் வழியாகவே படித்துவந்த வாசகர்களைப் பல பதிவர்கள் இழந்தார்கள், அவர்களுடைய எழுத்து முந்தைய நாளைவிட ஓர் எழுத்துக்கூடக் குறைந்திருக்கவில்லை.

உழைப்பின் பக்கம் நின்று பேசுபவர்கள் ஜூலி பவல் என்ற அமெரிக்கப் பெண்ணை உதாரணமாகக் காட்டுவதுண்டு. அலுவலக வேலையில் சலிப்படைந்திருந்த அவர், ஒரு சமையல் நூலில் இருந்த 524 செய்முறைகளையும் 365 நாட்களில் செய்து முடிப்பதென்று 2002இல் முடிவெடுத்து, அந்த அனுபவத்தை வலைப்பதிவாக எழுதினார். ஒரு நாளிதழில் அவரைப் பற்றிக் கட்டுரை வந்தது, 2005இல் புத்தகமானது, 2009இல் திரைப்படமுமானது. நாளிதழின் பார்வை அவர் மீது விழுந்தது அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்த வாசகருக்கு முன்னால் ஏறத்தாழ ஓராண்டின் எழுத்து காத்திருந்தது அல்லவா? ஆனால் அவரைப் போலவே ஓராண்டு விடாமல் எழுதி, யார் பார்வையும் படாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. வென்றவர்களை மட்டும் கூப்பிட்டு எப்படி வென்றீர்கள் என்று கேட்டால், அதிகாலையில் எழுந்தேன், தினமும் எழுதினேன் என்றுதான் சொல்வார்கள். அதிகாலையில் எழுந்தும் தோற்றவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. வெற்றி பெற்ற பதிவர்கள் எழுதும் அறிவுரை இடுகைகளை நான் படிப்பதை நிறுத்திப் பல காலமாகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உழைப்பு என்று நாம் பெருமையோடு சொல்வதற்குள்ளேயே அதிர்ஷ்டம் ஒளிந்திருக்கிறது. மாலையில் இரண்டு மணி நேரத்தை விட்டுவைக்கும் வேலை, எழுதும்போது கதவைச் சாத்திவிட அனுமதிக்கும் வீடு, இரவில் கண்விழிக்கத் தாங்கும் உடல் ஆகிய எவையும் நாம் உழைத்துச் சம்பாதித்தவை அல்ல. சென்ற ஆண்டு உங்கள் உடல்நலம் குன்றியபோது எட்டு மாதம் ஓர் இடுகைகூட வரவில்லை. அதைச் சோம்பல் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

அப்படியானால் உழைப்புக்கு என்னதான் மிச்சம் என்று கேட்பீர்கள். என் வன்தட்டு இடுகைக்கு வந்தவர்கள் வந்த வேலையை முடித்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் வெளியேறிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட இன்னொரு பக்கத்தைத் திறந்ததாகத் தெரியவில்லை. அந்த நாற்பது பேர் படித்த கட்டுரையின் கீழேதான் இருபத்துமூன்று பின்னூட்டங்கள் இருக்கின்றன; அவற்றில் ஒன்றுக்குப் பதில் எழுதப்போய்த்தான், நீங்கள் அறிவீர்கள், நமக்குள் இந்தக் கடிதப் போக்குவரத்தே தொடங்கியது. ஆகவே ஓர் இடுகை பெறும் வருகையை அதிர்ஷ்டத்தின் கணக்கிலும், வந்தவர் தங்குவதை உழைப்பின் கணக்கிலும் எழுதுகிறேன். இங்கே உழைப்பு என்று நான் சொல்வது நாள்தோறும் எதையாவது எழுதித் தள்ளுவதையன்று. பழைய இடுகைகளில் அறுந்துபோன இணைப்புகளைச் சரிசெய்வது, தவறு என்று தெரிந்தபின் அதை மறைக்காமல் திருத்துவது, பிறர் எழுதுவதைப் பொறுமையாகப் படிப்பது போன்ற, எந்த வருகைக் கணக்கிலும் தென்படாத வேலைகளை.

அந்த இளைஞரின் தளத்துக்கும் போய்ப் பார்த்தேன். புகழ்பெற்ற அந்த இடுகை நன்றாகவே இருக்கிறது. பொறாமைப்பட்டுக் குறை தேடினேன், பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அதற்குப் பின் அவர் எழுதிய நான்கும் அதையே மீண்டும் நிகழ்த்தப் பார்க்கும் அவசரத்தில் இருக்கின்றன. அந்தக் கூட்டம் அவருக்கு வரமா சுமையா என்பது இன்னும் தெளிவாகவில்லை. நேரம் கிடைத்தால் அவருக்கு நீங்கள் ஒரு பின்னூட்டம் எழுதுங்கள். பல்லாயிரம் வருகைகளுக்கு நடுவே முழுதும் படித்துவிட்டு எழுதப்பட்ட பின்னூட்டம் ஒன்றுகூட அங்கே இல்லை.

மூடுவது பற்றி: தளப்பெயரை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்துவிடுங்கள், எழுதுவதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் பாதியில் விட்ட பயணத் தொடரின் ஐந்தாம் பகுதி வரைவாகவே கிடக்கிறது என்று முன்பு சொன்னீர்கள். அதை எனக்கு அனுப்புங்கள். எழுத்துப்பிழை மட்டும் பார்த்துத் தருகிறேன், கேட்டாலொழியக் கருத்துச் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்