புரொடக்‌ஷன் சர்வரை முடக்கிய உங்கள் கண்காணிப்பு மென்பொருள்: முன்பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் டேட்டாபேஸ் நிர்வாகியாக இருக்கிறேன். டேட்டாபேஸ்களைக் கண்காணிக்கும் உங்கள் டூலை வாங்கலாமா என்று பார்க்க, 30 நாள் சோதனைக்கு 1,80,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். அதைத் திருப்பிக் கேட்டு எழுதுவது இது ஐந்தாவது முறை. முந்தைய நான்கு டிக்கெட்டையும் 'தீர்க்கப்பட்டது' என்று நீங்களே மூடிவிட்டீர்கள். எது தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை.

டெஸ்ட் சர்வரில் இரண்டு வாரம் ஓட்டினோம், ஒரு குறையும் இல்லை. அங்கே இருந்தது ஒரே ஒரு டேட்டாபேஸ். புரொடக்‌ஷனில் அன்றாட வேலை ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரில் 14. தகவல் சேகரிக்கும் உங்கள் டூலின் ஏஜென்ட் புரோகிராம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து கனெக்‌ஷன் திறந்துகொண்டு, மொத்தம் 70-ஐ விடாமல் பிடித்துக்கொண்டது. எங்கள் சர்வர் ஒரே நேரத்தில் ஏற்கும் வரம்பு 100தான் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தேன். சொந்த டூல் எத்தனை கனெக்‌ஷன் எடுக்கும் என்பது செய்தவர்களுக்குத் தெரியாதா?

சனிக்கிழமை மாலை மீதி இடமும் நிரம்பி, நிறுவன வேலை எல்லாம் ஓடும் எங்கள் ஈஆர்பி மென்பொருள் அப்படியே நின்றுவிட்டது. முழு உரிமை உள்ள சூப்பர்யூசருக்கென்று போஸ்ட்கிரெஸ் அந்த 100-இல் மூன்று இடம் ஒதுக்கி வைப்பதே, இப்படிப்பட்ட நேரத்தில் நிர்வாகி உள்ளே போய்ச் சரிசெய்யத்தான். ஏஜென்ட்டுக்கு சூப்பர்யூசர் உரிமை கட்டாயம் என்று நீங்கள் அடம்பிடித்தீர்கள். அந்த மூன்றையும் அதுவே எடுத்துக்கொண்டது. நான் நுழையப் பார்த்தால் 'சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி' என்று திரும்பத் திரும்ப வந்தது. தூத்துக்குடி போக வேண்டிய கன்டெய்னர் லாரி சரக்குக்கான இ-வே பில் போட முடியாமல் கேட்டில் நிற்கிறது. டிரைவர் இரண்டு முறை மாடிக்கே வந்து கேட்டுவிட்டார். உங்கள் டாஷ்போர்டோ முழுக்கப் பச்சை! ஏஜென்ட்டின் கனெக்‌ஷன்கள் உயிரோடு இருந்ததால் டேட்டாபேஸ் நலமாக இருக்கிறதாம். கடைசியில் ஏஜென்ட் ஓடிய மெஷினுக்குள் போய் அதை நிறுத்திய பிறகுதான் வழி கிடைத்தது. 47 நிமிடம். கப்பல் தவறியிருந்தால் இரண்டு கோடி ரூபாய் ஆர்டரே போயிருக்கும். எங்கள் பெயர் கெட்டதற்கு விலையே கிடையாது.

இதையெல்லாம் சொல்லப் போன் செய்தபோது பேசிய தம்பியை நான் மறக்க மாட்டேன். கண்காணிப்புக்கென்றே போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே பிஜி மானிட்டர் என்ற ரோல், அதாவது குறைந்த உரிமைகளின் தொகுப்பு, 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. சூப்பர்யூசருக்குப் பதில் அதைத் தருகிறேன், போதுமா என்று கேட்டேன். "அது எந்த கம்பெனி மானிட்டர் சார்? வேற டூல் போட்டிருந்தா நாங்க பொறுப்பில்ல" என்றார். விளக்கப் போனால், "முதல்ல உங்க டேட்டாபேஸ ஒழுங்கா வெச்சுக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். 18 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். இப்படி யாரும் என்னிடம் பேசியதில்லை.

அதற்கு முன்பே, நேரில் வந்தால் இன்ஜினியர் உட்கார்ந்து பார்ப்பார் என்று சென்னைக்கு வரச் சொன்னீர்கள். ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் சென்ட்ரலில் இறங்கி, சோழிங்கநல்லூர் வரை வந்தேன். மதியம் இரண்டு மணி வரை வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டு, "அவர் இன்னிக்கு லீவு, டிக்கெட் போடுங்க" என்றார்கள். டிக்கெட் போடவா நான் 450 கிலோமீட்டர் வந்தேன்?

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் திரையில், டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளைகளான குவெரிகள் மதிப்புகளை மறைக்காமல் அப்படியே தெரிகின்றன. எங்கள் தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு எண்களை அதில் பார்த்தேன். அவை உங்கள் கிளவுடில் இருக்கின்றன. ஒன்றுகூட மீதமில்லாமல் அழித்துவிட்டு, அழித்தோம் என்று எழுத்தில் தர வேண்டும்.

ஐயா, உங்கள் ஸ்லோ குவெரி அறிக்கை நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. வாங்கும் எண்ணத்தோடுதான் வந்தோம். தயவுசெய்து 15 நாளுக்குள் 1,80,000 ரூபாயையும், நடந்தது என்ன என்ற எழுத்துபூர்வ விளக்கத்தையும் அனுப்பிவையுங்கள். இந்த டிக்கெட்டையும் பதில் இல்லாமல் மூடினால் அடுத்து வருவது எங்கள் வக்கீல் நோட்டீஸ். அது உங்கள் நிர்வாக இயக்குநர் பெயருக்கே வரும்.

இப்படிக்கு,
டேட்டாபேஸ் நிர்வாகி,
திருப்பூர்.

இணைப்பு: சர்வர் லாக், நான்கு டிக்கெட்டுகளின் நகல், ரயில் டிக்கெட்.