தமிழ் சப்டைட்டில் கேட்டால் தமிழ் டப்பிங் தருகிறீர்கள்

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மலையாள, பிற ஆசியப் படங்களில் அசல் ஒலி மறுக்கப்படுவது, தமிழ் சப்டைட்டில் இல்லாதது, படத்தை வெட்டிக் காட்டுவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். ஆசியாவின் நல்ல படங்களை அந்தந்த மொழியிலேயே பார்க்கலாம் என்ற உங்கள் ஓடிடி ஆப்பின் விளம்பரத்தை நம்பித்தான் ஆண்டுச் சந்தா கட்டினேன். பணம் போனது. படங்களும் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி இல்லை.

ஆப்பின் மொழியைத் தமிழ் என்று வைத்திருக்கிறேன். அது ஒன்றுதான் நான் செய்த காரியம். உடனே எந்த மலையாளப் படத்தைத் தொட்டாலும் தமிழ் டப்பிங்கில்தான் தொடங்குகிறது. செட்டிங்ஸுக்குள் போய் மலையாளத்துக்கு மாற்றினால், சாப்பிட எழுந்து திரும்பி வருவதற்குள் மறுபடி தமிழுக்குத் தாவிவிடுகிறது. சில படங்களில் மாற்றுவதற்கு மலையாள ஒலியே இல்லை. சப்டைட்டிலோ எப்போதும் ஆங்கிலத்தில் மட்டும்தான். நாயகன் தமிழில் ஒன்றைச் சொல்ல, கீழே எழுத்து வேறொன்றைச் சொல்கிறது. அப்படிப்பட்ட படங்களின் பட்டியலைத் தனியாக இணைத்திருக்கிறேன். சாட்டில் கேட்டபோது இணைய வேகத்தைச் சரிபார்க்கச் சொன்னார்கள். வேகமாகத்தான் இருக்கிறது. தப்பான மொழி வேகமாக வருகிறது.

தமிழ் ரசிகர்களுக்கு டப்பிங் இல்லாவிட்டால் ஓடாது என்பது உங்கள் கணக்காக இருக்கலாம். அந்தக் கணக்கு சரியில்லை. 2015-ல் 'பிரேமம்' சென்னையில் மலையாளத்திலேயே 200 நாளைத் தாண்டி ஓடியது. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' டப்பிங் இல்லாமல் வந்து தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடிக்கு மேல் வசூலித்தது. எங்கள் ஊர்த் தியேட்டரில் குணா குகைக் காட்சி வந்தபோது அரங்கமே கத்தியது. அதில் எர்ணாகுளத்துப் பையன்கள் கொடைக்கானலில் தெரிந்த அரைகுறைத் தமிழை வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள். போலீஸ்காரர் பேசுவது இவர்களுக்கு முழுதாகப் புரிவதில்லை, இவர்கள் பதறுவது அவருக்கு உறைப்பதில்லை. எல்லோரையும் ஒரே தமிழில் பேச வைத்துவிட்டால் அந்தத் தவிப்பு எங்கே போகும்?

இதற்கு முன்பே, 1993-ல் ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்ரதாழ்' இருக்கிறது. 'சந்திரமுகி'யைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கதை தெரியும். ஆனால் மூலப் படத்தில் பயம் வருகிற இடம் வேறு. அதுவரை மலையாளம் பேசிக்கொண்டிருந்த கங்கா, திடீரென்று தமிழில் சீறுகிறாள். அவளுக்குள் இருப்பது தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி நாகவல்லி அல்லவா! மொழி மாறும் அந்த நொடியில்தான் உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள் என்று முதுகுத்தண்டு சில்லிடுகிறது. ஷோபனாவுக்கு கங்காவாகக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி, நாகவல்லியாகப் பேசியவர் துர்கா. பின்னவர் பெயர் பலருக்கும் பல வருடம் கழித்தே தெரிய வந்தது. இதை முழுக்கத் தமிழாக்கி ஓட்டினால் கங்காவுக்கும் நாகவல்லிக்கும் நடுவில் இருக்கிற சுவரையே இடித்த மாதிரி ஆகும்.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' இன்னும் ஒரு படி மேலே. வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பும் ஜேம்ஸ், மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்துக்குள் நடந்து போகிறார். காணாமல் போன சுந்தரமாகவே மாறி, சுத்தமான தமிழ் பேசுகிறார். மம்மூட்டி உடம்பை அதிகம் மாற்றுவதில்லை, மொழியைத்தான் மாற்றுகிறார். பேருந்தில் வந்தவர்கள் மலையாளத்தில் திகைக்க, ஊர்க்காரர்கள் தமிழில் திகைக்க, பின்னால் பழைய தமிழ்ப் படப் பாட்டும் வசனமும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. (அந்தப் படத்தின் ஒலியை மட்டும் கேட்டாலே போதும் என்பது என் கட்சி.) இதற்கு உங்கள் ஆப் என்ன செய்யும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

மலையாள சினிமா யதார்த்தமாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். அதில் பாதிப் பெருமை வட்டார வழக்குக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வேன். 'பிராஞ்சியேட்ட'னின் திருச்சூர்ப் பேச்சு, 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'வின் மலப்புறம் பேச்சு, 'திங்களாழ்ச்ச நிச்சய'த்தின் காஞ்ஞங்காடு பேச்சு எல்லாமே வேறு வேறு. டப்பிங்கில் இவர்கள் அத்தனை பேரும் ஒரே சென்னை ஸ்டூடியோவின் தமிழில் பேசுகிறார்கள். மலையாளம் தெரியாதவர்களுக்கு அந்த வித்தியாசம் பிடிபடாது என்று சொல்லாதீர்கள். மதுரைக்காரரும் நாகர்கோவில்காரரும் பேசுவதைக் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. அர்த்தம் புரியாவிட்டாலும் ராகம் பிடிபடும்.

மலையாளத்துக்கு வெளியேயும் இதே கதைதான். கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக்கின் 'தி ஹேண்ட்மெய்டன்' ஜப்பானிய ஆட்சிக்காலக் கொரியாவில் நடக்கிறது. யார் எப்போது ஜப்பானிய மொழி பேசுகிறார்கள், எப்போது கொரிய மொழிக்கு மாறுகிறார்கள் என்பதில்தான் ஏமாற்றுவேலை முழுவதும் இருக்கிறது. வெளிநாட்டு அரங்குகளில் இரண்டு மொழிக்கும் இரண்டு நிறத்தில் சப்டைட்டில் போட்டார்கள். ஜப்பானிய இயக்குநர் ஹமாகுச்சியின் 'டிரைவ் மை கார்' படத்தில், ஹிரோஷிமாவில் ஒரு நாடகத்தை ஜப்பானிய மொழி, சீன மொழி, கொரிய சைகை மொழி என்று ஆளுக்கொரு மொழியில் நடிக்கிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, ஆனாலும் பதில் சொல்கிறார்கள். இந்தப் படத்தின் பக்கத்தில் 'விரைவில் தமிழில்' என்று போட்டிருக்கிறீர்களே, எதைத் தமிழாக்கப் போகிறீர்கள்?

'ஆசிய சினிமா' என்ற உங்கள் பிரிவில் கொரியப் பழிவாங்கும் படங்களும் ஜப்பானிய அனிமேயும் தவிர வேறு அதிகம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவற்றில் நல்லவை உண்டு. ஆனால் தைவான் இயக்குநர் ஹூ சியாவோ-ஷியென் எங்கே? 1989-ல் வெனிஸ் பட விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம் வாங்கிய அவருடைய 'எ சிட்டி ஆஃப் சாட்னெஸ்' எங்கே? ஹாங்காங் நடிகரான டோனி லியுங்குக்குத் தைவான் பேச்சுமொழி வராது என்பதால் அவர் பாத்திரத்தையே வாய் பேசாத, காது கேளாதவனாக மாற்றினார் இயக்குநர். தைவானில் நடந்த 1947 கலவரத்தில், பேச்சை வைத்து ஆளைத் தரம்பிரிக்கும் கும்பலிடம் ரயிலில் அந்த மனிதன் மாட்டிக்கொள்ளும் காட்சி ஒன்று வருகிறது. டப்பிங் பேசும் ஒருவருக்கும் மனசு வராது, இதில் கை வைக்க.

ஈரானிய இயக்குநர் கியரோஸ்தமியின் 'க்ளோஸ்-அப்' பற்றி ஒரு முன்னெச்சரிக்கை. அதன் கடைசிக் காட்சியில் மைக் பழுது போல ஒலி விட்டுவிட்டு வரும். அது வேண்டுமென்றே செய்தது. தயவுசெய்து யாரும் அதைச் 'சரி' செய்துவிட வேண்டாம்.

அப்புறம், படத்தை வெட்டும் விவகாரம். ஜப்பானிய இயக்குநர் ஓஸுவின் 'டோக்கியோ ஸ்டோரி' கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்தில் (ஃப்ரேமில்) எடுக்கப்பட்டது. அகல டிவி முழுக்க நிரம்ப வேண்டும் என்று மேலும் கீழும் நறுக்கிக் காட்டுகிறீர்கள். ஏறக்குறைய கால் பங்கு படம் போய்விடுகிறது. தரையில் உட்கார்ந்த ஆளின் கண் மட்டத்தில் கேமராவை வைத்து, கூரையும் பாயும் தெரியும்படி ஒவ்வொரு சட்டத்தையும் அடுக்கியவர் அவர். இப்போது அந்தக் கிழத் தம்பதிகளுக்குத் தலை இடிக்கிறது. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

டப்பிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுத்து வாசிக்க முடியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது வேண்டும். தமிழ் டப்பிங் கலைஞர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அது தேர்வாக இருக்கட்டும், கட்டாயமாக வேண்டாம். என் அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, தமிழ் வார இதழை மளமளவென்று வாசித்து முடிப்பார். தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படங்கள் போட்ட காலத்திலிருந்தே மலையாளப் படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு, பாதி ஊகத்தில் பார்த்துவந்தவர். இத்தனை காலம் கழித்து, மாதாமாதம் புதுப்புது வசதிகளை அறிவிக்கும் ஒரு நிறுவனம் அவருக்கு நாலு வரி தமிழ் எழுத்துக் கொடுக்க முடியாதா?

ஆகவே, நான் தேர்ந்தெடுத்த ஒலியை ஆப் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அசல் ஒலி நீக்கப்பட்ட படங்களில் அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும். முதலில் மலையாளப் படங்களுக்காவது மூலத்திலிருந்து நேரடியாக, ஆள் வைத்து மொழிபெயர்த்த தமிழ் சப்டைட்டில் வேண்டும். ஆங்கிலத்திலிருந்து இயந்திரம் பெயர்த்தது வேண்டாம். வெட்டிய படங்களை முழுச் சட்டத்தோடு ஏற்ற வேண்டும். இவை எப்போது நடக்கும் என்று தேதியோடு 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். முடியாது என்றால் சந்தாவில் மீதமுள்ள மாதங்களுக்கான பணத்தைத் திருப்பித் தாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன். உங்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் பணம் கட்டிய ரசீதும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்

இணைப்பு: படப் பட்டியல், விளம்பர ஸ்கிரீன்ஷாட், ரசீது நகல், சாட் உரையாடல் நகல்.