போர் செய்யும் அரசும் பெரிய அரசுதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தனிமனிதர் வாழ்வில் அரசு முடிந்தவரை தலையிடக் கூடாது என்கிற அமெரிக்க லிபர்டேரியன்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வரியைக் குறை, கட்டுப்பாட்டை நீக்கு, முதலாளியை அவன் போக்கில் விடு என்று சொல்பவர்கள் என்பதோடு கட்டுரையாளர் அவர்களை முடித்துவிட்டார். அவர்கள் சொல்வதில் இது பாதிதான். மறுபாதி போரைப் பற்றியது. அதை விட்டுவிட்டால் முதல் பாதியும் சரியாகப் புரியாது.

அரிசிக்கு என்ன விலை வைப்பது என்பதில் அரசை நம்பாதவன், எந்த நாட்டின் மேல் குண்டு போடுவது என்பதில் மட்டும் அதே அரசை எப்படி நம்புவான்? அவர்களுடைய வெளியுறவுப் பார்வை இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது. உள்நாட்டில் சின்ன அரசு வேண்டும், வெளிநாட்டில் நூற்றுக்கணக்கான ராணுவத் தளங்களும் வேண்டும் என்கிற குடியரசுக் கட்சிக்காரர்களோடு அவர்களைச் சேர்த்து எண்ணுவது தவறு.

கட்டாய ராணுவ சேவை ஒழிந்த கதையைக் கட்டுரையாளர் தொட்டிருக்க வேண்டும். வியட்நாம் போரில் ஏறத்தாழ 58,000 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் விரும்பிப் போனவர்கள் அல்ல. அரசு கடிதம் அனுப்பி அழைத்துக்கொண்ட இளைஞர்கள். கல்லூரியில் இடம் கிடைத்தவனுக்கு ஒத்திவைப்பு உண்டு, கிடைக்காத ஏழை வீட்டுப் பையனுக்கு இல்லை. லிபர்டேரியன்கள் பக்கம் நின்ற பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் இதை ஒரு மறைமுக வரி என்றார். விரும்பி வருகிறவனுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தைக் கொடுக்காமல், சட்டத்தைக் காட்டி ஒருவனைக் குறைந்த கூலிக்கு இழுத்துவந்தால், அந்த வித்தியாசம் அவனிடமிருந்து பிடுங்கிய வரிதானே? ராணுவச் செலவு குறைவாகத் தெரிந்ததற்குக் காரணம், அந்தச் சுமையைப் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் தனியாகச் சுமந்ததுதான்.

1969-ல் அதிபர் நிக்சன், முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் தாமஸ் கேட்ஸ் தலைமையில் ஒரு குழு அமைத்தார். ஃபிரீட்மன் அதில் உறுப்பினர். வியட்நாமில் படை நடத்திய ஜெனரல் வெஸ்ட்மோர்லண்ட், கூலிப்படைக்குத் தலைமை தாங்க எனக்கு விருப்பமில்லை என்ற பொருளில் அந்தக் குழுவின் முன் பேச, அப்படியானால் அடிமைப் படைக்குத் தலைமை தாங்குவீர்களா என்று ஃபிரீட்மன் திருப்பிக் கேட்டார். 1970 பிப்ரவரியில் வந்த குழுவின் அறிக்கை, விரும்பிச் சேருகிறவர்களைக் கொண்ட ராணுவமே போதும் என்று பரிந்துரைத்தது. 1973-ல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. அதற்குத் தெருவில் இறங்கிப் போராடிய மாணவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால், லிபர்டேரியன்கள் பக்கத்திலிருந்து வந்த வாதத்தை வரலாற்றிலிருந்து எடுத்துவிட முடியாது.

அடுத்து இராக். 2002 அக்டோபரில், படையெடுக்கும் அதிகாரத்தை அதிபர் புஷ்ஷுக்குத் தரும் தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் 296-க்கு 133 என்று நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியினர் ஆறே பேர். அவர்களில் ஒருவர் லிபர்டேரியனான டெக்சாஸ் உறுப்பினர் ரான் பால். போரை அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. போர் வேண்டுமென்றால் முறையாக அறிவித்துவிட்டுப் போங்கள் என்று வெளியுறவுக் குழுவில் அவர் ஒரு போர்ப் பிரகடனத்தையே முன்வைத்தார். தான் அதை எதிர்த்தே வாக்களிப்பேன் என்றும் சொன்னார். அந்தச் சட்டப்பிரிவெல்லாம் காலாவதியானது என்று குழுத் தலைவர் ஹென்றி ஹைட் பதில் சொன்னார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா ஒரு போரைக்கூட முறைப்படி அறிவித்து நடத்தவில்லை. கொரியா, வியட்நாம், இராக் எல்லாம் அப்படித்தான். இது எனக்கு இன்றும் அச்சம் தருகிற விஷயம்.

போர்க்காலத்தில் அரசு எடுத்துக்கொள்ளும் அதிகாரம் போர் முடிந்ததும் திரும்பி வருவதில்லை என்பது அவர்களுடைய இன்னொரு வாதம். இதற்குச் சான்று தேட நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த பாதுகாப்பு விதிகளின் கீழ்தான் இங்கே உணவு தானியக் கட்டுப்பாடு வந்தது. போர் முடிந்தபின் 1946-ல் அதைத் தொடர ஒரு சட்டம். அதன் பெயரிலேயே ‘தற்காலிக’ என்ற சொல் இருந்தது. 1955-ல் அதன் இடத்தில் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் வந்து நிலைத்துவிட்டது. 1952-ல் சென்னை மாநில முதல்வரான ராஜாஜி தானியக் கட்டுப்பாட்டை எடுத்தபோது பலரும் எச்சரித்தார்கள். அவர் எடுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். அதற்காக நான் ரேஷன் கடைக்கு எதிரானவன் அல்ல. ஏழைக்கு அரிசி கொடுப்பது வேறு, விளைந்த நெல்லை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோகிற விவசாயியை மறிப்பது வேறு.

அவர்கள் சொல்வதையெல்லாம் நான் ஏற்கவில்லை. உணவகம் போன்ற இடங்களில் நிறப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் நாற்பதாவது ஆண்டைப் போற்றும் தீர்மானத்தை 2004-ல் கீழவையில் எதிர்த்த ஒரே ஆள் அதே ரான் பால்தான். தனியார் உணவகம் யாரை உள்ளே விடுவது என்பது உரிமையாளர் விருப்பம் என்கிற வாதம், தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த மண்ணில் பிறந்த எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. அங்கே அரசு தலையிடாமல் இருந்திருந்தால் யாருடைய சுதந்திரம் காக்கப்பட்டிருக்கும்? போரிலும் அவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றதில்லை. இராக் போரை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்ததாக ஃபிரீட்மன் 2006-ல் ஒரு பேட்டியில் சொன்னார். அருகிலிருந்த அவர் மனைவி ரோஸ், இதில் தனக்கு மாற்றுக் கருத்து என்றார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அமெரிக்கத் தேர்தல் பற்றி எழுதும்போதெல்லாம் விசா, வரி, இறக்குமதித் தீர்வை மூன்றையும் விரிவாக எழுதுகிறீர்கள். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் படை அனுப்புவது பற்றி ஒவ்வொரு வேட்பாளரும் என்ன சொல்கிறார், முன்பு எப்படி வாக்களித்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கும்பகோணம்